கரண்ட் பெட்டிக்குப் போட்ட மாலை

மயூர் விஹாரில் எங்கள் அடுக்குமாடியில் யார் வீட்டு ஃப்ரிட்ஜ் மக்கர் செய்தாலும் முதலில் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். இதற்குக் காரணம் என் வீட்டுக்காரி. குடிவந்த புதிதில் எதிர் வீட்டம்மா, "உங்க வீட்டுக்காரர் எங்க வேலை பாக்கார்?" என்று கேட்டிருக்கிறார். இவள் கொஞ்சமும் யோசிக்காமல், "குளிர் போடுற ஆபீஸ்ல" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து இன்றுவரை நான் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். மறுத்துப் பார்த்தேன். மறுத்தால், "பிகு பண்ணிக்கறார்" என்கிறார்கள். அதனால் இப்போதெல்லாம் போய், பின்பக்கம் தூசியைத் தட்டிவிட்டு, "முருகா" என்று சொல்லி ஸ்விட்சைப் போடுகிறேன். பாதி ஃப்ரிட்ஜ் ஓடிவிடுகிறது.

உண்மையில் நான் வேலை பார்த்தது ஓர் அரசாங்க ஆராய்ச்சிக்கூடத்தின் குளிர்ப் பிரிவில், டெக்னீஷியனாக. ஐஸ் உறைகிற குளிர் எங்களுக்கு வெந்நீர் மாதிரி. பலூனில் அடைப்பார்களே ஹீலியம், அந்த வாயுவைக் குளிரவைத்துத் தண்ணீர் மாதிரித் திரவமாக்கி, அதற்குள் ஒரு உலோகத் துணுக்கை இறக்கி, அதில் மின்சாரம் எப்படி ஓடுகிறது என்று பார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு.

போன மாதம் என் பழைய நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பையன் தீபாவளி இனிப்போடு வந்தான். "அங்கிள், இப்ப ஹீலியம் ஊத்தறதே கிடையாது. மூடின மெஷின் வந்தாச்சு. சாயங்காலம் பட்டனை அமுக்கிட்டுப் போனா காலையில குளிர்ந்திருக்கு. நீங்கள்லாம் கையால ஊத்துவீங்களாமே? எழுதிக் குடுங்களேன்" என்றான். பட்டன் அமுக்குகிறவனுக்குப் புரிகிற மாதிரி எழுதுவது எப்படி என்று யோசித்து, கடைசியில் ஒரு சரஸ்வதி பூஜையைப் பற்றி எழுதுகிறேன். மற்றதெல்லாம் அதற்குள்ளேயே வந்துவிடும்.

நான் படித்தது பத்தாவதும், அதற்குப் பிறகு பாளையங்கோட்டையில் ஃபிட்டர் படிப்பும். டில்லிக்கு வந்தபோது எனக்குத் தெரிந்த இந்தி 'அச்சா' ஒன்றுதான். யார் எதைச் சொன்னாலும் அச்சா என்றதால் நல்லவன் என்று பெயர் வந்தது. எங்கள் பிரிவுத் தலைவர் கும்பகோணத்துக்காரர். பெயர் வேண்டாம், டாக்டர் சார் என்றே சொல்கிறேன். அவர்தான் எனக்குக் குரு. ஐயங்கார்தான், ஆனால் நெற்றியில் ஒன்றும் இட்டு நான் பார்த்ததில்லை. நான் காலையில் மெஷின் ரூமுக்குள் நுழைந்ததும் திருநீற்றை எடுத்து பம்ப்பின் நெற்றியில் ஒரு கோடு போடுவேன். சார் பார்த்துவிட்டு, "பம்ப்புக்கு எண்ணெய் போட்டியா, அதைச் சொல்லு முதல்ல" என்பார். எண்ணெய் போட்ட பிறகுதான் திருநீறு போடுவேன் என்பது அவருக்கும் தெரியும்.

முதல் அதிர்ச்சி செம்பில் வந்தது. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை தோறும் செம்புப் பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்த்துத் தங்கம் மாதிரி வைப்பாள் என் வீட்டுக்காரி. இங்கே சார் என்ன சொன்னார் தெரியுமா? காற்றில்லாத ஜாடிக்குள் செம்பை ஆவியாக்கிக் கண்ணாடித் துண்டின் மேல் மெல்லிய பூச்சாகப் படியவைக்க வேண்டும். படியும்போது கொஞ்சம் ஆக்சிஜனைக் கசியவிட்டு அதை அழுக்காக்க வேண்டும். "சார், அழுக்காவா?" என்றேன். "ஆமா. ஆனா அளவா. கன்னாபின்னான்னு அழுக்குப் பண்ண ஊர்ல எல்லாருக்கும் தெரியும். இந்தத் துண்டு இவ்வளவு அழுக்கு, அடுத்தது இதைவிடக் கொஞ்சம் ஜாஸ்தி. அப்படிப் பண்ணத்தான் சம்பளம்" என்றார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, செம்பை அழுக்காக்கினேன் என்று சொன்னதும் என் வீட்டுக்காரி காபி டம்ளரைக் கொஞ்சம் அழுத்தியே வைத்தாள்.

எதற்கு அழுக்கு என்று நானே ஒருநாள் கேட்டுவிட்டேன். சார் சந்தோஷமாக பெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார். கேள்வி கேட்டால் போதும், மனிதர் குழந்தையாகிவிடுவார்.

"மணி, சுத்தமான உலோகத்தைக் குளிரவெச்சா மின்சாரம் சுலபமா ஓடும். தடை குறையும். அழுக்கானதைக் குளிரவெச்சா முதல்ல குறையும், அப்புறம் ஒரு கட்டத்துல திரும்பித் துளித்துளியா ஏற ஆரம்பிக்கும். ஏன்னு கேளு."

"ஏன் சார்?"

"ரெண்டு காரணம். நீ டில்லிக்கு வந்த புதுசுல கனாட் பிளேஸ்ல நடந்திருக்கியோ?"

"நடந்தேன் சார். வட்டமா நடந்து கிளம்பின கடைக்கே வந்து நின்னேன்."

"அதேதான்! எலெக்ட்ரான் அழுக்குல முட்டி முட்டித் திரும்பிக் கிளம்பின எடத்துக்கே வந்துடும். இடமாச் சுத்தினாலும் வலமாச் சுத்தினாலும் ஒரே வட்டம், ஒரே தூரம். ரெண்டு வழியும் ஒண்ணுக்கொண்ணு ஒத்தாசை பண்ணி அதை அங்கேயே நிறுத்திடும், தடை ஏறும். இது முதல் காரணம். இப்ப போலீஸ்காரன் வந்து ஒன்வேன்னு போர்டு மாட்டறான்னு வெச்சுக்கோ. இடஞ்சுத்தும் வலஞ்சுத்தும் ஒண்ணா இருக்காது, ஒத்தாசை கெட்டுடும். காந்தம் போட்டா அதான் நடக்கும்."

"ரெண்டாவது சார்?"

"எலெக்ட்ரானுக்கு எலெக்ட்ரானைக் கண்டா ஆகாது. தள்ளும். உனக்கும் உன் மாடிவீட்டுக்காரனுக்கும் தண்ணி மோட்டார்ல சண்டையே, அந்த மாதிரி. ரெண்டு பேரும் அகலமான ரோட்டுல எதிர்ப்பட்டா மொகத்தைத் திருப்பிண்டு போயிடுவேள். கரோல்பாக் சந்துக்குள்ள, கூட்டத்துல, மூஞ்சிக்கு மூஞ்சி மாட்டிண்டா? நகரவும் முடியாது, சண்டை முத்தும். அழுக்குல எலெக்ட்ரான்கள் மெதுவாத்தான் நகரும், ஒண்ணைவிட்டு ஒண்ணு தப்ப முடியாது. அதனாலயும் தடை ஏறும். இந்தச் சண்டையை ஒன்வே போர்டு தீர்க்குமோ?"

"தீர்க்காது சார். மோட்டார் அவன் போட்டதுதானே தப்பு."

"அதை விடு. காந்தம் போட்டு எவ்வளவு ஏத்தம் போறது, எவ்வளவு நிக்கறதுன்னு பார்த்தா எது சுத்தல், எது சண்டைன்னு பிரிச்சுடலாம்."

இவ்வளவு பெரிய விஷயத்தை இப்படிச் சொல்லிக் கொடுக்கிற மனிதருக்கு ஒரே ஒரு குறை: கை சும்மா இருக்காது. எந்தப் பெட்டியைப் பார்த்தாலும் அதன் திருகைத் திருப்பவேண்டும். தன் வீட்டு ரேடியோவையே பாட்டு நன்றாகக் கேட்டுக்கொண்டிருக்கும்போது திருகி இலங்கைக்குக் கொண்டு போய்விடுவார் என்று அலமேலு மாமி, அதாவது சாரின் சம்சாரம், சொல்லிச் சொல்லி மாய்ந்து போவார்.

இந்தக் குறைதான் மாலினியின் தலைமேல் வந்து விடிந்தது.

மாலினி சாரிடம் பி.எச்.டி. செய்த பெண். அப்பா அம்மா மதுரைப் பக்கம். இவள் பிறந்தது வளர்ந்தது டில்லி. தமிழ் பேசுவாள், பாதியில் இந்தி ஏறி உட்கார்ந்துகொள்ளும். என்னை அங்கிள் என்பாள். அளவாக அழுக்கான செம்புப் பூச்சுகளை அவளும் நானும் சேர்ந்துதான் தயார் செய்தோம். ஒவ்வொன்றின் மேலும் தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பி நாலு ஒட்டவேண்டும். இரண்டு கம்பி மின்சாரம் அனுப்ப, இரண்டு கம்பி என்ன ஆச்சு என்று கேட்க. மூச்சை விட்டால் கம்பி பறந்துவிடும். வெள்ளிப் பசையை ஊசி முனையில் தொட்டு வைத்துக் காயும்வரை இரண்டு பேரும் ஊமையாக உட்கார்ந்திருப்போம். காய்ந்ததும் அவள் விடுகிற பெருமூச்சில் ஒன்று பிய்ந்துவிடும். மறுபடி ஆரம்பிப்போம்.

அளந்து பார்த்ததில், சார் சொன்னபடியே குளிரக் குளிரத் தடை ஏறியது. ஆனால் மிகவும் குளிர்ந்த கடைசிப் பகுதியில் ஏற்றம் நின்று, கோடு படுத்துவிட்டது. சார் துள்ளிக் குதித்தார். யாரும் பார்க்காத புது சங்கதி என்று கட்டுரையும் எழுதி முடித்துவிட்டார். வெளிநாட்டுப் பத்திரிகைக்கு அனுப்பவேண்டியதுதான் பாக்கி. முதல் பெயர் மாலினியுடையது.

மாலினி முகத்தில் மட்டும் சந்தோஷம் இல்லை. கம்பி ஒட்டும்போது ஒருநாள் சொன்னாள்.

"அங்கிள், அந்தக் கோடு படுக்கறது நிஜம் இல்லைன்னு தோணுது. ஷக் ஹை முஜே, சந்தேகமா இருக்கு."

"ஏம்மா?"

"நாம அனுப்பற கரண்ட்டே ஜாஸ்தி. தூங்கற ஆளை உலுக்கி, தூங்கறியான்னு கேட்டா? அவன் முழிச்சுக்குவான். அப்புறம் இவன் தூங்கவே இல்லைன்னு எழுதினா எப்படி? கரண்ட் ஜாஸ்தியானா எலெக்ட்ரான் சூடாகும். வெளியில ஹீலியம் குளிர்ந்துக்கிட்டே போகும், உள்ள அது குளிராது. அதான் கோடு படுக்குது."

"சார்ட்ட சொல்லலையா?"

"எவ்ளோ தடவை சொல்றது! நான் கரண்ட்டைக் கம்மி பண்ணி வெப்பேன். கம்மி பண்ணினா மீட்டர்ல நம்பர் ஆடும், ரொம்ப நேரம் சும்மா உட்காரணும், ஆவரேஜ் எடுக்கணும். சார் வருவார், 'என்னது இப்படி ஆடறது'ன்னு ஒரு திருகு திருகிட்டுப் போயிடுவார். அவருக்குத் திருகினது ஞாபகம்கூட இருக்காது. நான் என்ன பண்ண? சண்டை போடவா? அவர் எவ்ளோ நல்லவர்!" அவள் கண் கலங்கிவிட்டது. "அங்கிள், அதுல ஃபர்ஸ்ட் என் பேரு. நாளைக்கு எவனோ ஒருத்தன் கரெக்டா அளந்து, இது பொய்னு எழுதினா, எங்க அப்பா கிட்ட எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு நிக்கறது? கடைசியா ஒரு தடவை கம்மி கரண்ட்ல அளந்துட்டா போதும். படுத்தா படுக்கட்டும், ஏறினா ஏறட்டும்."

கடைசியா ஒரு தடவை என்று அவள் சொன்னது சும்மா இல்லை. ஹீலியத்தைத் தண்ணீராக்கும் மெஷினை ஓட்டுபவர் ராம்தீன், கோரக்பூர்க்காரர். அவர் அந்த வாரம்தான் வந்து, கம்ப்ரெஸர் இனி தாங்காது, ஒரு குடுவை ஹீலியம் எடுத்துத் தருகிறேன், அதோடு மெஷினைப் பிரித்து ரிப்பேருக்கு அனுப்புகிறோம், எப்போது திரும்பும் என்று பகவானுக்குத்தான் தெரியும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். மாலினி தீசிஸ் கொடுக்கவேண்டிய தவணையும் அதற்குள் முடிந்துவிடும். ஒரு குடுவை, ஒரு தடவை. அந்தக் குடுவை தயாராகிற நாள் சரஸ்வதி பூஜை.

எங்கள் பிரிவில் வருஷத்துக்கு இரண்டு பூஜை. முதலில் ராம்தீன் கோஷ்டியின் விஸ்வகர்மா பூஜை, லட்டு. பிறகு எங்கள் சரஸ்வதி பூஜை, சுண்டல். இரண்டையும் சார் திட்டுவார், இரண்டையும் சாப்பிடுவார். எங்கள் பூஜைக்கு அலமேலு மாமி தவறாமல் வந்து விளக்கேற்றிப் பாடுவார். ஸ்பேனர், வெர்னியர், சால்டரிங் அயர்ன் எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்து அம்பாள் படத்துக்கு முன் அடுக்குவோம். அதற்குப் பிறகு மறுநாள் விஜயதசமியன்று புனர்பூஜை செய்து எடுக்கும்வரை அவற்றை யாரும் தொடக்கூடாது. நம் வீடுகளில் புத்தகத்துக்கும் வீணைக்கும் செய்வதுதான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதனால்தான் அந்தப் பூஜையை அவ்வளவு பக்தியோடு கொண்டாடும்.

இதை நினைத்ததும் எனக்குள் ஒரு விஷமம் எட்டிப் பார்த்தது.

உடனே பயமும் வந்தது. சாமியைப் பூட்டாகப் பயன்படுத்தலாமா? அன்று சாயங்காலம், டில்லியில் நம்மவர்களுக்கென்று சின்னக் குன்றின் மேல் இருக்கும் முருகன் கோவிலுக்குப் போய் நின்றேன். "அப்பனே, எங்க சார் கையை ஒரே ஒரு நாள் கட்டிப்போடணும். அந்தப் பொண்ணு கேட்கிறது பொய் இல்லை, உண்மை எதுவோ அது தெரியணும்னுதான் கேட்குது. அது சரஸ்வதி காரியம்தானே? தப்புன்னா இப்பவே ஒரு சகுனம் காட்டு" என்று வேண்டினேன். அர்ச்சகர் தட்டிலிருந்து ஒரு பூ என் தோளில் விழுந்தது. விசிறி சுழன்றுகொண்டிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் எனக்கு அது போதும்.

மாலினியிடம் ஒன்றும் சொல்லவில்லை. "காலையில சீக்கிரம் வா. பூஜைக்கு முன்னாலயே எல்லாத்தையும் ஓடவிட்டுரு. நீ எவ்வளவு கரண்ட் வேணும்னு நினைக்கியோ அதை வச்சிரு" என்றேன்.

காலையில் ராம்தீன் குடுவையை உருட்டிக்கொண்டு வந்தார். ஹீலியம் ஊற்றுவது பால் ஊற்றுவது மாதிரி இல்லை. நம் அளக்கும் கலம், அதாவது ஆளுயரத் தெர்மாஸ் ஃபிளாஸ்க், முந்தின நாளே நைட்ரஜன் தண்ணீரால் குளிர்ந்திருக்கவேண்டும். பிறகு அந்த நைட்ரஜனை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் வெளியேற்றவேண்டும். மிச்சமிருந்தால் கல்லாக உறைந்து காரியத்தைக் கெடுக்கும். வளைந்த நீளக் குழாயின் ஒரு காலைக் குடுவையிலும் மறுகாலைக் கலத்திலும் ஒரே நேரத்தில், அவசரப்படாமல் இறக்கவேண்டும். அவசரப்பட்டால் ஹீலியம் அத்தனையும் புஸ்ஸென்று ஆவியாகிக் கூரைக்குக் கீழே தொங்கும் பெரிய ரப்பர்ப் பைக்குப் போய்விடும். அதைத் திரும்பத் தண்ணீராக்க இனி மெஷின் இல்லை. குடுவையிலிருந்து ஹீலியத்தைத் தள்ளும் ரப்பர் பந்தை ராம்தீன் மெல்ல மெல்ல அமுக்கினார். குழாய் மூட்டில் பனி பூத்தது. "தீரே, ராம்தீன் பாய், தீரே" என்றேன், மெதுவாக என்று. "மணிஜி, நான் எருமைக்கே தீரேன்னு சொல்லிக் கறக்கிறவன்" என்று அவர் இந்தியில் சொன்னார்.

கலம் நிறைந்ததா என்று பார்க்க எங்களுக்கு ஒரு வழி உண்டு. மேல்முனையில் ரப்பர்த்தோல் கட்டிய மெல்லிய குழலை உள்ளே இறக்கி, அந்தத் தோலின் மேல் கட்டைவிரலை வைப்போம். கீழ்முனை ஹீலியத் தண்ணீருக்குள் இருந்தால் விரலடியில் நிதானமாகத் துடிக்கும். தண்ணீரை விட்டு மேலே வந்தால் துடிப்பு படபடவென்று மாறும். எந்த இடத்தில் மாறுகிறதோ அதுதான் மட்டம். அன்று நல்ல உயரத்தில் மாறியது. மாலினி மின்சாரம் அனுப்பும் பெட்டியின் திருகை மிகவும் கீழே வைத்தாள். மீட்டரில் கடைசி எண்கள் நடனமாடின. கம்ப்யூட்டர் சராசரி எடுக்கத் தொடங்கியது.

அப்போது மாமி வந்தார். சார் குளித்துவிட்டுப் பின்னால் வருகிறாராம். நான் ஸ்பேனர்களுக்குப் பொட்டு வைத்துவிட்டு, ஒரு நல்ல சாமந்தி மாலையை எடுத்து அந்தக் கரண்ட் பெட்டிக்குப் போட்டேன். பின்னால் இருக்கும் காற்றுத் துவாரத்தை மறைக்காமல், முன்பக்கம் மட்டும் தொங்குகிற மாதிரி. திருகின் மேல் சந்தனம், குங்குமம்.

"என்ன மணி, இந்த வருஷம் பொட்டிக்கெல்லாம் மாலை?" என்றார் மாமி.

"இந்த லேபுக்கு எழுத்தாணியே இதுதான் மாமி. இது சொல்றதைத்தான் எல்லாரும் எழுதுதாங்க. இதை விட்டுட்டு ஸ்பேனருக்குப் பூஜை பண்ணினா அம்பாள் ஏத்துக்குவாளா?"

"நியாயந்தானே" என்று மாமி தன் கையாலேயே அதன்மேல் ஒரு முழம் மல்லிகையும் வைத்தார். மாலினி என்னைப் பார்த்தாள். மாலையைப் பார்த்தாள். கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு பம்ப் பக்கம் போய்விட்டாள்.

சார் வந்தபோது கற்பூரம் காட்டி முடித்திருந்தோம். சுண்டலை வாயில் போட்டுக்கொண்டே மீட்டரைப் பார்த்தார். "என்னது, இப்படி ஆடறது?" என்றபடி கை தானாகப் பெட்டியை நோக்கிப் போனது.

"ஏன்னா!" என்றார் மாமி.

கை அந்தரத்தில் நின்றது. அப்போதுதான் மாலையைப் பார்த்தார்.

"என்னய்யா மணி, இது என்ன கூத்து?"

"பூஜைல வச்சாச்சு சார்."

"வெச்சாச்சோல்லியோ, இப்ப எடு."

"நாளைக்குப் புனர்பூஜை ஆனப்புறந்தான் தொடணும்" என்றார் மாமி.

"அலமு, இது கரண்ட் பொட்டி. வீணை இல்லை."

"வீணைன்னா நீங்க தொடமாட்டேளே, எனக்குத் தெரியாதா? திருகாணி இருக்கறதால கை பரபரங்கறது."

சார் என் பக்கம் திரும்பினார். "சரி, சாஸ்திரம்னா எல்லாத்துக்கும் சாஸ்திரம். பம்ப் ஓடறதே? கம்ப்யூட்டர் ஓடறதே? காந்தம்? அதெல்லாம் ஆயுதம் இல்லையோ?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். பஸ்ஸில் வரும்போதே பதிலை யோசித்து வைத்திருந்தேன். "சார், வீட்டுல பூஜைன்னா அடுப்பை அணைச்சிருதோமா? நைவேத்தியம் வேகணும்லா. பம்ப்பு, காந்தம் எல்லாம் அடுப்பு மாதிரி. அது எரியலாம்."

"கரண்ட் பொட்டியும் எரியறதே இப்ப?"

"எரியட்டும் சார். பூஜைக்கு முன்னாலயே ஏத்தின விளக்கு. திரியைத் தூண்டத்தான் கூடாது."

மாமிக்கு என் பதில் பரம திருப்தி. ஸ்டூலை இழுத்துப் பெட்டிக்கு எதிரிலேயே போட்டுக்கொண்டு ஸ்தோத்திரப் புத்தகத்தைத் திறந்துவிட்டார். சாருக்கு வேறு வழியில்லை. உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். ராம்தீன் கதவோரம் நின்று என் காதில், "ஆஜ் டாக்டர் சாப் கே ஹாத் கீ சுட்டி" என்றார். கைக்கு இன்று லீவாம்.

பம்ப் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தேன். பம்ப் ஆவியை உறிஞ்ச உறிஞ்ச ஹீலியம் இன்னும் குளிர்ந்தது. மாலினி ஒவ்வொரு குளிர்நிலையிலும் நிறுத்தி, எண்ணின் ஆட்டம் சராசரியில் அடங்கும்வரை காத்து, திரையில் ஒரு புள்ளி விழ வைத்தாள். ஒரு புள்ளி விழுவதற்குள் மாமி ஒரு ஸ்தோத்திரம் முடித்துவிடுவார். சார் எழுந்து நடப்பார், வந்து மீட்டரைப் பார்ப்பார், "ஆடறது பார்" என்பார், கை வெளியே வரும், மாமி பக்கம் புரட்டும் சத்தம் கேட்கும், கை உள்ளே போகும். ஒருதடவை பெட்டியின் மேலிருந்து ஒரு மல்லிகைப்பூ கீழே விழுந்தது. அதை எடுத்து வைக்கிற சாக்கில் குனிந்தார். மாமி புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "விழுந்த பூவைத் திருப்பி வெக்கப்படாது" என்றார்.

மத்தியானத்துக்குப் பிறகு கோடு முன்பெல்லாம் படுத்துக்கொள்ளும் இடத்துக்கு வந்தது. ஒரு புள்ளி. ஏறியது. அடுத்தது. அதுவும் ஏறியது. மாலினியின் உதடு மட்டும் அசைந்தது: "சட் ரஹா ஹை." ஏறுகிறது. அதற்கு அடுத்ததும் அதே சாய்வில் ஏணிப்படி மாதிரி ஏறியது. எங்கள் பம்ப்பின் சக்தி முடிகிற கடைசிக் குளிர் வரைக்கும் கோடு படுக்கவே இல்லை.

பிறகு அவள் காந்தத்தைப் போட்டாள். ஏற்றத்தில் ஒரு பங்கு கரைந்தது. பெரும்பங்கு அசையாமல் நின்றது. கனாட் பிளேஸில் சுற்றியது கொஞ்சம், கரோல்பாக் சந்துச் சண்டைதான் அதிகம். எனக்கே அவ்வளவு புரிந்தது.

சார் எழுந்து வந்தார். திரைக்குப் பக்கத்தில் நின்று வெகுநேரம் பார்த்தார். பிறகு, "அலமு, கிளம்பலாம்" என்றார். அவ்வளவுதான். ஸ்கூட்டர் சத்தம் போய் மறையும்வரை நாங்கள் அசையவில்லை.

"கோபமா அங்கிள்?" என்றாள் மாலினி. அவள் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் கட்டுரை சார் எழுதியது. தீசிஸில் கையெழுத்துப் போடவேண்டியவரும் அவர். இது பம்ப் கோளாறு, அது மீட்டர் கோளாறு என்று ஒரு வார்த்தை சொல்லி ஒதுக்கிவிட்டால் யார் என்ன செய்யமுடியும்? அன்று வீட்டில் பாயசம். "என்னங்க, வெல்லம் தூக்கலா?" என்று என் வீட்டுக்காரி கேட்டாள். வெல்லமா உப்பா என்றே எனக்குத் தெரியவில்லை. ஒரு பெண்ணுக்கு நல்லது செய்யப்போய், சாமி பேரைச் சொல்லி ஒரு நல்ல மனிதரை அவமானப்படுத்திவிட்டேனோ என்று அம்பாள் படத்தை நேராகப் பார்க்கவும் கூச்சமாக இருந்தது.

விஜயதசமி காலையில் அவல், தேங்காயோடு போனேன். லேப் கதவு திறந்திருந்தது. சார் மாமியின் ஸ்டூலில், மாலை வாடிய பெட்டிக்கு எதிரில், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திருகின் மேல் குங்குமம் வைத்தது வைத்தபடி இருந்தது.

"சீக்கிரம் பண்ணுய்யா புனர்பூஜையை. எவ்வளவு நேரமா உட்கார்ந்திருக்கேன்."

தேங்காய் உடைத்தேன். கற்பூரம் காட்டினேன். "ஹீலியம் மிச்சம் இருக்கோ?" என்றார். குழலை இறக்கி விரலை வைத்துப் பார்த்தேன். "அடியில கொஞ்சம் இருக்கு சார்." "பம்ப்பைப் போடு. இப்ப நான் தொடலாமோ?" "தொடலாம் சார்."

திருகை ஏற்றினார். காத்திருந்தார், அவர் காத்திருந்து நான் பார்த்தது அன்றுதான். புள்ளி கீழே விழுந்தது. இறக்கினார், காத்திருந்தார். புள்ளி மேலே போனது. பாதி ஏற்றினார். பாதி வழியில் நின்றது. ஏற்றினால் கோடு படுக்கிறது, இறக்கினால் எழுந்திருக்கிறது. இதற்குள் மாலினி வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"உள்ள வாம்மா. பாரு. புது பௌதிகம்னு நான் எழுதினது எல்லாம் என் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான்" என்றார். "அந்தக் கட்டுரையை அனுப்பப் போறதில்லை. புதுசா நீ எழுது. முதல் படமா இதைப் போடு. கரண்ட்டை ஏத்தினா எப்படிப் பொய் சொல்றதுன்னு. மத்தவா ஏமாறாம இருப்பா."

மாலினி அழுதுவிட்டாள். அவர், "அழறதுன்னா வெளியில போய் அழு. ஈரக்காத்து ஆகாது" என்றார்.

அவள் முகம் கழுவப் போனதும் என்னைப் பார்த்தார். "மணி, எங்காத்துலயும் சரஸ்வதி பூஜை உண்டுய்யா. எழுத்தாணியாம், அடுப்பாம், திரியாம்! மாலை போட்டா எனக்குக் கண் மறைஞ்சுடும்னு நினைச்சியோ?"

நான் அவல் தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"வந்து பார்த்ததுமே தெரிஞ்சுடுத்து. அந்தப் பொண்ணு சொன்னது காதுல விழாம இல்லை. கை கேக்கமாட்டேங்கறது, என்ன பண்ண? அலமு எதுக்க இருந்தா தொடமாட்டேன்னு எனக்கே ஒரு நம்பிக்கை. அதான் உட்கார்ந்தேன்" என்றார். சொல்லிவிட்டு அவலைக் கை நிறைய எடுத்துக்கொண்டார்.

அந்த வருஷக் கடைசியில் மாலினியின் தீசிஸுக்கு வாய்மொழித் தேர்வு. பரீட்சை நடத்த வந்தவர் கல்கத்தாவிலிருந்து வந்த பெரிய மனிதர், கண்டிப்பானவர் என்று பெயர். நான் டீ டிரேயோடு பின்னால் நின்றேன். படம் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தது. பூஜையன்று நாள் முழுக்க அளந்த கோடு இரண்டாவது படமாக வந்ததும் அவர் கையை உயர்த்தினார். இவ்வளவு சிறிய மின்சாரத்தில், எண் இப்படி ஆடும்போது, அளக்கிறவனுக்குப் பொறுமை தப்பும். யாராவது ஒருவர் திருகை ஏற்றியிருப்பார். நாள் முழுக்க ஒருவரும் தொடவில்லை என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று ஆங்கிலத்தில் கேட்டார். எனக்கே அந்த அளவுக்கு விளங்கியது.

மாலினி என்னைப் பார்த்தாள். நான் டீ கோப்பைகளைப் பார்த்தேன்.

சார் எழுந்து நின்றார். "என் மனைவி எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்" என்றார்.

அறை முழுக்கச் சிரிப்பு. கல்கத்தாக்காரர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். தனக்கும் கல்யாணம் ஆகிவிட்டது என்றும், இதைவிடப் பெரிய உத்தரவாதம் கேட்கமுடியாது என்றும் சொல்லிவிட்டு, அடுத்த படத்தைப் போடச் சொன்னார்.